எட்டு வீட்டு இணைப்பு

வவுனியாவுக்கு இடமாற்றம் வந்துவிட்டது என்று அனிஸ்ரன் சொன்னபோது, வீட்டைப் பற்றியோ கிணற்றுத் தண்ணீரைப் பற்றியோ யூலியானா கேட்கவில்லை. "அங்க நெற் எப்பிடி?" என்றுதான் கேட்டாள்.

அனிஸ்ரன் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிறவன். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் அவனுடைய வேலை ஒன்றுதான். யூலியானாவின் வேலை அப்படி இல்லை. அது முழுவதும் ஒரு போன் திரைக்குள் நடந்தது.

அவளுடைய அப்பா செபமாலைக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேளாது. அளம்பில் கரையில் அவள் பிறந்த வீட்டில் வாயை விடக் கைதான் அதிகம் கதைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்பே அவள் மீன் சந்தையில் அப்பாவுக்கும் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று, அவர் கையால் சொன்னதை வாயால் சொன்னாள். அவர்கள் வாயால் சொன்னதைக் கையால் சொன்னாள். இருபது வருடத்துக்குப் பிறகு அதுவே அவளுடைய தொழிலாகிவிட்டது. வடக்கில் எங்காவது காது கேளாத ஒருவர் டொக்டரிடமோ, வங்கிக்கோ, பிரதேச செயலகத்துக்கோ போனால், வீடியோ கோலில் யூலியானாவை எடுப்பார். போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டால் போதும். அவள் இரண்டு பக்கத்துக்கும் பேசி முடிப்பாள்.

குரல் மட்டும் கேட்கிற போன் என்றால், இணைப்பு கொஞ்சம் விட்டு விட்டு வந்தாலும் சமாளிக்கலாம். கைமொழியில் அது முடியாது. கை பாதியில் நின்றால் சொல்லும் பாதியில் நின்றுவிடும். "வலிக்கவில்லை" என்பதில் கடைசி அசைவு தவறினால் "வலிக்கிறது" என்று ஆகிவிடும்.

அதிலும் அந்த ஐப்பசி மாதம் அவளுக்கு ஒரு முக்கியமான பொறுப்பு இருந்தது. முரசுமோட்டையில் பிரேமிளா என்று ஒருத்தி, காது கேளாதவள், தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். நான்காம் மாதத்திலிருந்து அவளுடைய கிளினிக் எல்லாவற்றுக்கும் யூலியானாதான் திரையில் வந்தாள். பிள்ளை பிறக்கும்போதும் யூலியானா கூட இருக்க வேண்டும் என்று பிரேமிளா கேட்டிருந்தாள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டரும் அதற்குச் சம்மதித்துவிட்டார். நாள் குறித்தபடி என்றால் இன்னும் ஆறு கிழமை இருந்தது.

அவர்கள் எடுத்த வீடு குருமன்காட்டுச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. சமைக்க வெளிச்சமான குசினி, கறிவேப்பிலை மரம், நல்ல தண்ணீர். யூலியானா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். சிக்னல் குசினி யன்னலில் இரண்டு கோடு, மற்ற இடமெல்லாம் ஒரு கோடு.

"நீர் ஒவ்வொரு கொம்பனியாப் போய்க் கேட்டுப் பாரும்," என்றான் அனிஸ்ரன். "ஏதோ ஒண்டு சரிவரும்."

முதலில் அவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனாள். சிம் போட்டு வேலை செய்கிற ரவுட்டர்கள் அங்கே வரிசையாக இருந்தன. லக்ஷன் என்ற விற்பனையாளன் ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தான்.

"அக்கா, இது பறக்கும். படம், கேம், எல்லாம் ஒரு தடங்கலும் இல்லை."

"ஒருக்கா கோல் எடுத்துப் பாக்கலாமே?"

"தாராளமா."

யூலியானா அப்பாவை எடுத்தாள். செபமாலையின் கைகள் அந்தக் கரையிலேயே வேகமானவை. அவர் வலை கிழிந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால், கூட்டாளிகளே "கொஞ்சம் மெதுவாய்" என்று கையை அமர்த்துவார்கள். அதனால்தான் அவள் அவரைப் பிடித்தாள். அவருடைய கை விளங்கினால் யாருடைய கையும் விளங்கும்.

"அப்பா, ஒரு கதை சொல்லுங்கோ. வேகமாச் சொல்லுங்கோ," என்று கையால் சொன்னாள்.

அவருக்கு அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை கரைவலையில் அகப்பட்ட திருக்கையைப் பற்றி அவர் தொடங்கினார். கடையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து யூலியானாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். திருக்கை வாலை வீசுகிற இடத்தில் செபமாலை இரண்டு கையையும் உயர்த்தினார். படம் அப்படியே நின்றது. மறுபடி அசைந்தபோது திருக்கை கரைக்கு வந்து, வெட்டி, விற்றும் முடிந்திருந்தது.

"வால் ஆருக்காவது பட்டதோ?" என்று ஒரு வயதானவர் கவலையோடு கேட்டார்.

"அதுதான் ஐயா எனக்கும் தெரியேல்ல," என்றாள் யூலியானா.

லக்ஷன் தலையைச் சொறிந்தான். "கடைக்குள்ள கொஞ்சம் குறைவு அக்கா. வீட்டில நல்லா இருக்கும்."

அதற்குள் செபமாலை திரையில் லக்ஷனைக் காட்டி ஏதோ சொன்னார். யூலியானாவுக்குச் சிரிப்பு வந்தது.

"என்னவாம் அக்கா?"

"நீங்கள் சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறீங்களாம்."

கடை முழுவதும் சிரித்தது. வேறு வழி கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று யூலியானா அந்த ரவுட்டரையே வாங்கி வந்து குசினி யன்னலில் வைத்தாள். லக்ஷன் சொன்னதும் முழுப் பொய் இல்லை. காலையில் அது நன்றாகவே வேலை செய்தது. பிற்பகல் இரண்டரை மணிக்குப் பிறகுதான் சிக்கல். ஒழுங்கையின் கோடியில் சிவகரன் மாஸ்டரின் ரியூசன் கொட்டில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் இருநூறு பிள்ளைகள் இருநூறு போனோடு அங்கே வந்து இறங்குவார்கள். மாலை ஆறு மணி வரைக்கும் ஒழுங்கையில் யாருக்கும் சிக்னல் இல்லை.

அடுத்தது ஃபைபர். அது தந்திக்கம்பத்தால் வயரில் வருவது. எத்தனை பேர் போனைத் திறந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கொம்பனியின் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கணினியில் ஒழுங்கையைத் தேடிப் பிடித்தாள்.

"உங்கட ஒழுங்கைச் சந்தியில எங்கட பெட்டி இருக்கு. ஆனால் அதில இடம் முடிஞ்சுது. கடைசி இணைப்பை ஒழுங்கைக்குள்ள ஒரு வீடு எடுத்திட்டுது."

"புதுப் பெட்டி வைக்க ஏலாதே?"

"ஏலும். ஒழுங்கைக்குள்ள எட்டு வீடு சேர்ந்து கேட்டால் உடனே செய்யலாம். ஒரு வீட்டுக்காக மேல எழுத மாட்டினம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எட்டுக் கையெழுத்தைக் கொண்டு வாங்கோ. நான் அண்டைக்கே அனுப்பிவிடுறன்."

யூலியானா அந்த ஒழுங்கைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. யாருடைய பெயரும் அவளுக்குத் தெரியாது. அளம்பிலில் என்றால் வேலியால் ஒரு குரல் கொடுத்தால் போதும். இங்கே எல்லாம் மதிலும் இரும்புக் கேற்றும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு, நல்ல சட்டையை மாற்றாமலே, விண்ணப்பங்களை ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு அவள் இறங்கினாள்.

முதல் வீட்டுக் கேற்றுக்குள் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா பூ ஆய்ந்துகொண்டிருந்தா. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. யூலியானாவின் கழுத்துச் சிலுவையைப் பார்த்தா, கையில் இருந்த ஃபைலைப் பார்த்தா.

"நாங்கள் சைவம் பிள்ளை. வேண்டாம். குறை நினையாதையும்," என்றுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினா.

"அன்ரி, நான் சமயத்துக்கு வரேல்ல. இன்ரநெற்றுக்கு வந்தனான்!"

அந்த அம்மா நின்று திரும்பிப் பார்த்தா. "என்னத்துக்கு?"

யூலியானா எல்லாவற்றையும் கேற்றுக்கு வெளியே நின்றபடியே சொன்னாள். அந்த அம்மாவின் பெயர் கமலாசனி. செட்டிகுளத்தில் நெல் விளைவித்து, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, கணவர் இறந்த பிறகும் பொட்டை விடாமல், இந்த வீட்டுக்குத் தனியாக வந்தவ. பெட்டியில் இருந்த கடைசி இணைப்பை எடுத்த வீடு அவவுடையதுதான். கனடாவில் இருக்கிற மகள் சாரங்கா போட்டுக் கொடுத்தது.

"நான் போட்டு என்ன கண்டனான்?" என்றா கமலாசனி. "ஞாயிற்றுக்கிழமையில மகளோட கதைக்கத்தான் பிளக்கைப் போடுறனான். அதிலயும் படம் நிண்டு நிண்டுதான் வரும். பேரப்பிள்ளையின்ர முகம் சதுரம் சதுரமாத் தெரியும். உதை நம்பிக் காசைக் கொட்டாதையும் பிள்ளை."

அந்தச் சொல் யூலியானாவுக்கு முன்னால் ஒழுங்கை முழுவதும் போய்விட்டது என்பது அடுத்தடுத்த வீடுகளில் தெரிந்தது. "கமலாசனி அக்காவே சரியில்லை எண்டுறா," என்றார்கள். ஒரு வீட்டில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒரு வீட்டில் நாய் மட்டும்தான் பதில் சொன்னது.

சிவகரன் மாஸ்டர் மட்டும் பேப்பரை வாசிக்கவே இல்லை. பேனையை எடுத்துக் கையெழுத்தைப் போட்டார். "என்ர பிள்ளையளாலதான் உங்களுக்குக் கரைச்சல் எண்டு கேள்விப்பட்டன் தங்கச்சி. அதுக்காவது ஒரு கையெழுத்து." அவரோடும் யூலியானா வீட்டோடும் சேர்த்து மூன்று கிழமையில் ஐந்து கையெழுத்து வந்தது. அதற்கு மேல் அது அசையவில்லை.

கார்த்திகை மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. மழை இருட்டு. ரியூசன் தொடங்கிச் சரியாக ஒரு மணி நேரம். யூலியானா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரித் தாதி, மிஸ்ஸியின் இலக்கம்.

"பிரேமிளாவுக்கு வலி வந்திட்டுது. பத்து நாள் முந்திட்டுது. பிரசவ அறைக்குக் கொண்டு வந்திட்டம். நீங்கள் ஆயத்தமே?"

யூலியானா கையைக் கழுவிக்கொண்டு யன்னலடிக்கு ஓடினாள். திரையில் பிரேமிளா வந்தாள். வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. யூலியானாவைக் கண்டதும் அவளுடைய முகம் இளகியது. ஏதோ சொல்ல வலது கையை எடுத்தாள். கை அந்தரத்திலேயே நின்றது. படம் உறைந்துவிட்டது. முதுகு என்கிறாளா, தண்ணீர் என்கிறாளா, பயமாக இருக்கிறது என்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை.

அரை நிமிடம் கழித்து அசைந்தது; மறுபடி நின்றது. யூலியானா முற்றத்துக்கு ஓடினாள், கேற்றடிக்கு ஓடினாள், போனை மதிலுக்கு மேலே பிடித்தாள். "டொக்டர் கேக்கிறார், நீங்கள் இருக்கிறீங்களோ?" என்று மிஸ்ஸியின் குரல் துண்டு துண்டாக வந்தது.

அவள் செருப்புக்கூடப் போடாமல் கமலாசனி வீட்டுக்கு ஓடிப்போய்க் கேற்றைத் தட்டினாள்.

"அன்ரி! அன்ரி! உங்கட வைஃபை வேணும். ஒரு பிள்ளை பிறக்கப்போகுது!"

கமலாசனி குடையோடு வந்து, முதலில் யூலியானாவின் வயிற்றைப் பார்த்தா. "ஆருக்கு? உமக்கோ?"

"இல்லை, கிளிநொச்சியில. அந்த அக்காவுக்குக் காது கேளாது. டொக்டர் சொல்லுறதை நான்தான் கையால சொல்லவேணும். இப்ப சொல்லவேணும் அன்ரி!"

கமலாசனி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கேற்றைத் திறந்தா. "உள்ளுக்கு வாரும். கெதியா."

கடவுச்சொல் நாட்காட்டியின் பின்பக்கத்தில் சாரங்காவின் கையெழுத்தில் இருந்தது. கமலாசனி பிளக்கைப் போட்டா. இரண்டு நிமிடம் இரண்டு மணி நேரம் போல் போனது. போன் இணைப்பைப் பிடித்தது, ஆனால் ஒரே ஒரு கோடு.

"அன்ரி, ரவுட்டர் எங்க?"

"அலுமாரிக்குள்ள."

"என்ன?"

"தூசி படும் எண்டு இரும்பு அலுமாரிக்குள்ள வைச்சனான். கூறைச் சீலைக்குக் கீழ. விலை கூடின சாமான் எல்லே."

"அதை வெளியில எடுங்கோ அன்ரி!"

கமலாசனி இடுப்பிலிருந்த திறப்பால் அலுமாரியைத் திறந்தா. கதவு இடுக்கால் வயர் உள்ளே போயிருந்தது. சீலைகளை இரண்டு கையாலும் அள்ளிக் கட்டிலில் போட்டா. அடியில் அந்த வெள்ளைப் பெட்டி பச்சை விளக்கோடு மினுங்கிக்கொண்டு இருந்தது. தூக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்ததும் கோடுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து முழுதாக நின்றன.

பிரேமிளா திரைக்கு வந்தாள். கண்ணிமையின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

*எங்கே போனாய்?* என்று அவளுடைய கைகள் கேட்டன.

*இங்கேதான் இருக்கிறேன். இனிப் போகமாட்டேன்.*

*உன் கை இருட்டாக இருக்கிறது. தெரியவில்லை.*

"அன்ரி, லைற்!"

கமலாசனி மேசை விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்தா. யூலியானாவின் முகமும் கைகளும் வெளிச்சத்துக்கு வந்தன. அங்கே மிஸ்ஸி போனைச் சேலைன் கம்பியில் பிளாஸ்ரரால் ஒட்டினாள். டொக்டரின் குரல் தெளிவாக வந்தது.

"இப்ப முக்க வேண்டாம். வாயால மூச்சு மட்டும் விடச் சொல்லுங்கோ."

யூலியானா சொன்னாள். கையால் மட்டும் சொல்லி முடியாது. தானே கன்னத்தை ஊதி, மூச்சை மெதுவாக விட்டுக் காட்டினாள். பிரேமிளா அவளைப் பார்த்தபடி மூச்சுவிட்டாள். விளக்கோடு திரையின் ஓரத்தில் தெரிந்த கமலாசனியும் ஊதினா.

*முதுகு உடைகிறது,* என்றாள் பிரேமிளா.

"முதுகு சரியா நோகுதாம் டொக்டர்."

"தெரியும். இன்னும் கொஞ்ச நேரம்தான். நல்லாச் செய்யிறா எண்டு சொல்லுங்கோ."

அந்தக் கொஞ்ச நேரம் முக்கால் மணித்தியாலம் நீண்டது. வெளியே மழை ஓட்டில் அடித்தது. தூரத்தில் இடி முழங்கியபோது கமலாசனியின் கண் பழக்கத்தில் பிளக்கின் பக்கம் போனது. பிறகு தானே தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினா.

"இப்ப! முக்கச் சொல்லுங்கோ!"

யூலியானாவின் கை, முகம், தோள் எல்லாம் சேர்ந்து சொன்னது. பிரேமிளா பல்லைக் கடித்தாள்.

"முக்கு பிள்ளை! முக்கு! இன்னும்! என்ர ராசாத்தி, இன்னும் ஒருக்கா!" என்று கமலாசனி கத்தினா.

"அன்ரி, அவவுக்குக் கேக்காது."

"தெரியும் பிள்ளை. எனக்கு வாய் நிக்குதில்லை."

இன்னும் ஒரு முறை. இன்னும் ஒரு முறை. பிறகு பிரேமிளாவின் தலை தலையணையில் விழுந்தது. திரைக்கு வெளியே எங்கேயோ ஒரு அழுகை கிளம்பியது. மெல்லியதாகத் தொடங்கி, கிழித்துக்கொண்டு உயர்ந்தது.

டொக்டர் சிரித்தார். மிஸ்ஸி ஏதோ சொன்னாள். எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேமிளா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவளுக்குத் தெரியாத பக்கத்தில் இருந்தது. அந்த அறை அவளுக்கு எப்போதும் போல அமைதியாகவே இருந்தது. அவளுடைய கண்கள் பெரிதாகின.

*என்ன? ஏன் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை?*

யூலியானா இரண்டு கையையும் உயர்த்தினாள்.

*மகள். நல்ல சுகம். அழுகிறாள்.*

*அழுகிறாளா? சத்தமாகவா?*

எத்தனையோ டொக்டர்களின் சொல்லை யூலியானா கையால் சொல்லியிருக்கிறாள். ஒரு சத்தத்தைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவள் கண்ணை இறுக்கி மூடினாள். வாயை அகலத் திறந்தாள். இரண்டு கையையும் சின்ன முட்டியாகப் பொத்திக் காற்றில் உதறினாள். பிறகு அந்தச் சத்தம் எழும்புகிற விதத்தை விரல்களால் காட்டினாள். இங்கே தொடங்கி, மேலே ஏறி, கூரையைத் தொட்டு, யன்னலால் வெளியே போய், கோபத்தோடு திரும்பி வந்து மறுபடி ஏறுகிறது.

*பெரிய சத்தம். எல்லோருக்கும் காது அடைக்கிறது. சண்டைக்காரி.*

பிரேமிளா சிரித்தாள். கண்ணீர் காதுப் பக்கமாக வழிய வழியச் சிரித்தாள். மிஸ்ஸி பிள்ளையைக் கொண்டுவந்து அவளுடைய நெஞ்சில் வைத்தாள். அந்தச் சின்ன உடம்பு அழுகையில் அதிர்வதை பிரேமிளாவின் கை உணர்ந்தது. அவள் நிமிர்ந்து, ஒற்றைக் கையால் யூலியானாவுக்குச் சொன்னாள்: *ஓம். விளங்குகிறது.*

விளக்கு வெளிச்சம் யூலியானாவின் முகத்தை விட்டு விலகி முகட்டுக்குப் போயிருந்தது. திரும்பிப் பார்த்தாள். கமலாசனி ஒரு கையில் விளக்கும் மறு கையில் சீலைத் தலைப்புமாக நின்று விம்மிக்கொண்டிருந்தா.

இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்து முடிக்கிறபோது மழை விட்டிருந்தது. அனிஸ்ரன் வேலை முடிந்து வந்து, வெட்டிய மீனும் திறந்த கதவுமாக வீடு கிடந்ததைக் கண்டு பதறி, ஒழுங்கையெல்லாம் தேடி அங்கே வந்து சேர்ந்தான்.

"என்ன நடந்தது யூலி?"

"பெம்பிளைப்பிள்ளை தம்பி!" என்றா கமலாசனி. "மூண்டு கிலோவும் இருநூறும். தாயும் பிள்ளையும் சுகம்."

அவன் மனைவியைப் பார்த்தான், அந்த அம்மாவைப் பார்த்தான், கட்டிலில் குவிந்து கிடந்த சீலைகளைப் பார்த்தான். ஒன்றும் விளங்காமலே அவனும் சிரித்தான்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கே கமலாசனி வந்தா. "உம்மட ஃபைலை எடும். போவம்."

"எங்க அன்ரி?"

"நான் கெடுத்ததை நான்தானே சரி செய்யவேணும்?"

ஒவ்வொரு கேற்றிலும் கமலாசனி ஒரே கதையைத்தான் சொன்னா. ஆனால் வீட்டுக்கு வீடு அது நீண்டுகொண்டு போனது. முதல் வீட்டில் பிள்ளை முக்கால் மணித்தியாலத்தில் பிறந்தது. மூன்றாவது வீட்டில் இரண்டு மணித்தியாலம் ஆனது. இடியும் மின்னலும் வந்தன.

"பிழை நெற்றில இல்லை. பிழை என்னில. அலுமாரிக்குள்ள சீலைக்குக் கீழ பூட்டி வைச்சா எந்தச் சாமான் வேலை செய்யும், சொல்லுங்கோ? நேற்று ராத்திரி மகளோட கதைச்சனான். பேரனின்ர பல்லு ரெண்டு விழுந்திருக்கிறது இப்பதான் எனக்குத் தெரியுது."

மத்தியானத்துக்குள் கையெழுத்து எட்டையும் தாண்டிப் பதினொன்றாகிவிட்டது. நாய் இருந்த வீட்டிலும் அன்றைக்கு ஆட்கள் வந்து போட்டார்கள். கண்ணாடி போட்ட பெண் சொன்னபடி அன்றைக்கே அனுப்பினாள்.

கிழமை கழிந்து ஒரு வியாழக்கிழமை கொம்பனி வாகனம் ஒழுங்கைக்குள் வந்தது. இரண்டு பேர் கம்பத்தில் ஏணி சாத்தி, புதுப் பெட்டியைப் பூட்டி, வீடு வீடாகக் கறுப்பு வயரை இழுத்தார்கள். சிவகரன் மாஸ்டர் ரியூசனை ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கினார். பிள்ளைகள் சைக்கிளில் இருந்தபடியே ஏணியைப் பார்த்தார்கள். வயர் பூட்டியவர்களுக்கு யார் வீட்டில் சாப்பாடு என்பதில் சின்னப் போட்டி நடந்தது. கடைசியில் அவர்கள் மூன்று வீட்டில் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியை எங்கே வைப்பது என்று கமலாசனிதான் நின்று சொன்னா. "உயரத்தில வையுங்கோ. திறந்த இடத்தில வையுங்கோ. என்னைக் கேளுங்கோ, எனக்குத் தெரியும்."

அன்று மாலை நான்கு மணிக்கு, இருநூறு பிள்ளைகளும் கோடியில் இருந்தபோது, யூலியானா செட்டிகுளத்தில் இருந்த ஒருவருடைய வங்கி அலுவலை முடித்துக் கொடுத்தாள். முக்கால் மணி நேரத்தில் ஒரு விரல்கூட நிற்கவில்லை.

மார்கழியில் பிரேமிளாவின் கணவன் கோகுலன் ஒரு வீடியோ அனுப்பினான். அவனுக்கும் காது கேளாது. முரசுமோட்டையில் வயல் செய்கிறவன். பிள்ளைக்கு முப்பத்தொன்று, தொடக்குக் கழிக்கிற முப்பத்தோராம் நாள். யூலியானாவும் அனிஸ்ரனும் வரவேண்டும். விளக்குப் பிடித்த அம்மாவும் கட்டாயம் வரவேண்டும்.

"என்னையோ? என்னை அவைக்குத் தெரியாதே!" என்றா கமலாசனி. சொல்லிவிட்டு அன்றைக்கே போய்ப் பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி வந்தா.

பஸ் ஓமந்தையைத் தாண்டும்போது தொடங்கிய தூறல் முரசுமோட்டையில் நின்றுவிட்டது. வீட்டைச் சுற்றி வயல் பச்சையாக விரிந்து கிடந்தது. பந்தலுக்குள் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் காது கேளாதவர்கள். பந்தலின் இந்தக் கோடியில் நின்றவர் அந்தக் கோடியில் நின்றவருடன் தலைகளுக்கு மேலால் கையால் பகிடி விட்டார். சிரிப்புச் சத்தம் மட்டும் பந்தலெல்லாம் கேட்டது. கமலாசனி கொலுசுப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றா.

பிரேமிளா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முதலில் யூலியானாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு கமலாசனிக்கு முன்னால் வந்து நின்று, தன் நெற்றியில் விரலால் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, அதே கையை வாயடிக்குக் கொண்டுபோய் விரல்களை அகல விரித்துக் காட்டினாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டுவதற்குப் பதிலாக இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார்கள்.

"என்ன பிள்ளை சொல்லுறா?"

"உங்களுக்குப் பெயர் வைச்சிருக்கிறா அன்ரி. இனி இவை எல்லாரும் உங்களை அப்பிடித்தான் கூப்பிடுவினம்."

"என்ன பெயர்?"

"பெரிய பொட்டு, பெரிய வாய்."

கமலாசனி ஒரு நொடி முழித்தா. பிறகு பந்தல் அதிரச் சிரித்தா. நெற்றியில் வட்டம் போட்டு, வாயடியில் கையை விரித்துப் பார்த்தா. பிரேமிளா தலையை ஆட்டி, அவவின் விரல்களைப் பிடித்து இன்னும் அகலமாக விரித்துவிட்டாள். பிறகு பிள்ளையைத் தூக்கி அவவின் கையில் கொடுத்தாள். பிள்ளை கண்ணைத் திறந்து அந்தப் பொட்டை உற்றுப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, வீரிட்டு அழத் தொடங்கியது.

"அம்மாடி, என்ன சத்தம்!" என்றா கமலாசனி. உடனே நினைவு வந்தவவாக பிரேமிளாவின் பக்கம் திரும்பி, கண்ணை இறுக்கி மூடி, வாயை ஆவென்று திறந்து காட்டினா.

பிரேமிளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாப்பாடு ஆயத்தம் என்று கோகுலன் பந்தல் காலைத் தட்டி அதிரவைத்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்து, வாழை இலைப் பக்கம் நகர்ந்தார்கள். பாயாசத்தை மூன்றாம் முறை கேட்டு வாங்கியவ கமலாசனிதான்.